திருவலையும் மூன்றாவது கையெழுத்தும்

முன்பெல்லாம் எங்கள் தெருவுக்குக் கோடை வந்ததை நான் கலண்டரில் பார்த்து அறிந்ததில்லை. கத்தி தீட்டுகிறவரின் வான் வண்டி மணியடித்துக்கொண்டு வரும். நடந்து போகிறவன் முந்திவிடக்கூடிய வேகம். உள்ளே ஒரு சாணைக்கல், அதற்குப் பின்னால் ஓர் இத்தாலியக் கிழவர். இப்போது அது வருவதில்லை. வரவிடாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்பது போகப்போகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில் மூன்று மாடி வீடொன்றின் நடு மாடியில் அன்றும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். நான் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மனைவி அங்கேயே பொத்தான் வைத்தாள். இந்த நகரத்தில் பாதிப்பேர் மடிப்புக் குலையாமல் நடந்ததற்கு நான் பொறுப்பு. வீட்டில் நான் இடுப்பில் கட்டும் சாறம் மட்டும் எந்நாளும் கசங்கல். சனிக்கிழமைகளில் பின்பல்கனியில் நின்று, கப்பியில் ஓடும் கொடியில் உடுப்புக் காயப்போடுவது என் வேலை. மணிச் சத்தம் கேட்டால் அதையும் போட்டுவிட்டு, கத்திகளைச் சுருட்டிக்கொண்டு வெளிப்படியால் இறங்கி ஓடுவேன்.

முதல் வருடம் கத்திகளோடு தேங்காய் துருவும் திருவலையையும் கொண்டுபோனேன். கிழவருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கு அதை விளக்க மொழி தெரியாது. விரலால் அதன் பல்லைத் தொட்டு, "நல்லாய் வேணும்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார். பத்து நிமிடத்தில் பல் முழுவதையும் வழித்தெடுத்து, கரண்டி மாதிரிப் பளபளவென்று திருப்பித் தந்தார். நானும் நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

மனைவி பாதித் தேங்காயோடு இறங்கி வந்தாள். கடைசிப் படியில் குந்தி, அந்தக் கரண்டியில் துருவிக் காட்டினாள். தேங்காய்ப்பூ ஒன்றும் விழவில்லை. கிழவரின் முகம் கறுத்துப்போயிற்று. வானுக்குள் போய் முக்கோண அரம் ஒன்றை எடுத்து வந்து, படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பல்லாக வெட்டினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. பிறகு தானே ஒரு கைப்பிடி துருவி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கோடையில் எங்கள் தெருத் தமிழ் வீடுகள் எல்லாம் திருவலையோடு வரிசையில் நின்றன. பழுதாக்கக் கற்றுக்கொடுத்தது நான், திருத்தக் கற்றுக்கொடுத்தது அவள்.

இரண்டு கோடையாக மணி கேட்கவில்லை. பல் மழுங்கிவிட்டது. கருவிக் கடைக்காரன் திருவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னான். புதிதும் வாங்கினோம். இரண்டாவது தேங்காயில் பல் வளைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர் செத்துப்போனாரோ என்று விசாரித்தால், ஆள் உயிரோடு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் மகன் வீட்டில் சும்மா இருக்கிறாராம். எங்கள் தெருச் சனம் சத்தம் என்று மனுக் கொடுத்து, நகரசபை மணியை நிறுத்தியதாம். மணியில்லாமல் யாருக்குத் தெரியும் அவர் வந்தது? வேலைக்காரனின் சத்தம்தான் இவர்களுக்குச் சத்தம். இலை ஊதுகிற இயந்திரம் காலையில் அலறுகிறதே, அது என்ன சங்கீதமா?

மனுவை எடுத்துத் திரிந்தவள் மேல்மாடிக்கு அப்போது புதிதாக வந்திருந்த பெண் என்று தெரிந்ததும், மொழிபெயர்க்க மகளை இழுத்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது சுவர். பழைய காலத்தில் தெருவில் சாணை பிடிக்கிற ஒருவரின் கறுப்புவெள்ளைப் படம், பெரிதாக, கண்ணாடி போட்டு. சுவரில் இருக்கிற சாணைக்காரன் சத்தம் போடமாட்டான்தானே. நான் தமிழில் வெடித்தேன். மகள் அதைப் பாதியாகக் குறைத்து பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தாளோடு வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மகள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, இவா உங்களுக்கு நன்றி சொல்லுறா. முதல் நாளே கையெழுத்து வைச்ச ஆக்களிலை நீங்கள் மூண்டாவது ஆளாம்."

மூன்றாவது வரியில் என் கையெழுத்து, வால் சுழித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

ஞாபகம் வந்தது. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன், வாயில் இரண்டு கிளிப். அவள் தாளை நீட்டினாள். குப்பை வாளி விஷயம் என்று நினைத்து வைத்துவிட்டேன். அகதியாக வந்தவன் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்துப் பழகியவன். வாசிக்கக் கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்ற பயம் முதல் வருடம் வந்தது, இன்னும் போகவில்லை. அந்தப் பயத்துக்குக் கிழவர் தன் தொழிலைக் கொடுத்தார்.

மனைவி ஏசவில்லை. மழுங்கிய திருவலையையும் ஒரு தேங்காயையும் என் முன்னால் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, மணி திரும்பக் கேக்கும் வரைக்கும் நீங்கள்தான் திருவுறது."

மணியைத் திருப்பித் தரும்படி பிரெஞ்சில் புது மனு ஒன்றையும் அதன் தமிழையும் மகளைக்கொண்டு எழுதுவித்தேன். கீழ்மாடியில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரரிடம் முதலில் போனேன். தாளைப் பார்க்காமலே பேனையை வாங்கினார்.

"எங்கை போட?"

"வாசிச்சுப்போட்டுப் போடுங்கோ."

"நீங்கள் கொண்டு வந்ததை நான் ஏன் அண்ணை வாசிப்பான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னையே எனக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தியதுபோல் இருந்தது. பேனையைப் பறித்து, மகள் தமிழில் எழுதித் தந்ததை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். தெரு முழுக்க அப்படித்தான் ஏறி இறங்கினேன்.

போன கிழமை நகரசபையிலிருந்து பதில் வந்தது. மணிக்கு எதிரான முந்தைய மனுவிலும் இதே முகவரியில் இதே கையெழுத்து இருக்கிறது, இரண்டும் ஒருவருடையதா என்று கேட்டிருந்தார்கள். நான்தான், முதலாவதை வாசிக்காமல் வைத்தேன் என்று எழுதச் சொன்னேன். மகளை அதை இரண்டு தரம் வாசிக்கவைத்துக் கேட்டேன். பிறகு கையெழுத்து வைத்துவிட்டு, தேங்காய் திருவப் போனேன்.