வாத்து காத்திருக்கும் பக்கம்

படத்தில் இருப்பது ரயில். என் மகள் தேனு அதன்மேல் விரலை வைத்து, "இது அபர்டீன் பஜார்" என்கிறாள். வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி ஜன்னல், ஜன்னலுக்குள் தலைகள். எஞ்சின் படத்துக்குள் அடங்கவில்லை. வரைந்தவர் அதை எந்தப் பக்கம் விட்டார் என்றும் தெரியவில்லை. நம்மூர்ப் பிள்ளையாக இருந்தால் எஞ்சின் இல்லாவிட்டாலும் கூவென்று கத்தியிருக்கும். இவள் பிறந்தது போர்ட் பிளேயரில். ஊரின் பெயர்கூட இப்போது மாறிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. இந்தத் தீவில் தண்டவாளமே கிடையாது. அவளுக்குத் தெரிந்த நீளமான சங்கதி, பஜாரில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கடைகள்தான்.

"கடையெல்லாம் ஓடுமாடி? கீழ சக்கரம் இருக்கு பாரு" என்றேன்.

"மெயின்லேண்ட்ல எல்லாமே பெருசுன்னு நீதானம்மா சொன்னே. அங்க கடையும் ஓடும்."

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. காலையிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துக் கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் அவளைத் திருத்தவும் மனம் வரவில்லை. நான் அருப்புக்கோட்டையில் மூன்றாம் வகுப்பு படித்தபோது பாடப் புத்தகத்தில் ஒரு கப்பல் படம் இருந்தது. புகைபோக்கியும் வரிசையாக வட்ட வட்ட ஜன்னலும் பார்த்துவிட்டு, "நூல் மில்லு டீச்சர்" என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது. கீழே நீலமாக இருந்ததை மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கடலைக் கண்டிராத ஊர்க்காரிக்கு வேறெப்படித் தோன்றும், சொல்லுங்கள். அந்த மில்லில்தான் பிற்பாடு கல்யாணமாகி ஏறி வந்தேன். வீட்டுக்காரருக்குத் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். "நான் கரைக்கு வர்ற விருந்தாளி, நல்லா கவனிச்சுக்க" என்பார்.

இந்தப் புத்தகம் பௌதியுடையது. நாங்கள் குடியிருக்கும் மின்னி பே கடலோரத்தில் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி. பௌதி என்றால் அவர்கள் பேச்சில் அண்ணி. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது, என் மகள் உட்பட. அவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த படப் புத்தகத்தைத் தேனுவுக்குக் கொடுத்தார். எழுத்தெல்லாம் வங்காளம். மேல்கோட்டில் துணி காயப் போட்டது மாதிரி எழுத்துகள் தொங்கும், எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. தேனு பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, சண்டை போட்டால்கூட இந்தி. இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கு முன்னால் ஒரு பொழுது, தையல் மிஷினை நிறுத்திவிட்டு, படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் கதை சொல்வேன். நாள் முழுக்க எங்களுக்குள் தமிழ் நிம்மதியாக உட்காருவது அந்த நேரத்தில்தான்.

ஏழே படங்கள். குளத்தோரத்து வீட்டில் ஓர் அம்மா டிரங்குப் பெட்டி முன்னால் சேலையோடு இருக்கிறாள். அடுத்ததில் மஞ்சள் கவுன் போட்ட சிறுமி ஒரு வாத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். பிறகு படகு. பிறகு அந்த ரயில். கூட்டம் நெரியும் தெரு. யாருடைய வீட்டிலோ ஜன்னலோரம் நிற்கும் அதே சிறுமி. கடைசியில் கரையில் ஒற்றையாக நிற்கும் வாத்து. நான் சொன்ன கதையில் சிறுமி லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறாள், கொண்டாட்டமாக இருக்கிறாள், திரும்பி வருகிறாள்.

"கடைசிப் படத்துல அவளைக் காணோமே?" என்று தேனு முதல் நாளே கேட்டாள்.

"படகுல இருந்து இறங்கிக்கிட்டிருக்காடா. வாத்து அதான் எட்டிப் பாக்குது."

அந்தப் பதில் எனக்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போவோம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு லீவு கிடைத்தால் கப்பலில் இடம் கிடைக்காது. இடம் கிடைத்தால் பள்ளி திறந்துவிடும். தேனு கைக்குழந்தையாக இருந்தபோது ஒரே ஒரு முறை போனோம், ரயிலில் முழுக்கத் தூங்கினாள். ஜாக்கெட் தைக்க வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். நான் ஊர் ஊரென்று புலம்பினால், "உங்களுக்கு ஊரு ஒன்னுதானே புள்ள, சுலபமா அழுதிடுவீங்க. நாங்க எதுக்குன்னு அழுவுறது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

போன மாதம் ஒரு நாள் தேனு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நீ ஜூட் சொல்லிருக்கே. பொய்யி. அந்தப் பொண்ணு வாபஸ் வரவே இல்ல. பௌதி படிச்சாங்க. அவங்க வீட்ட விட்டுட்டு மொத்தமா போயிட்டாங்க. வாத்து நின்னுக்கிட்டே இருக்கு. அவ்வளவுதான் கதை."

"அது பௌதி சொல்ற கதைடா..."

"அதுல எழுதியிருக்கு! உனக்குப் படிக்கவே தெரியாது. அப்ப நாம ஊருக்குப் போறதும் ஜூட்டா?"

எட்டாவதோடு நின்று, கடைக்காரர் பொட்டலம் மடித்த தாளையெல்லாம் படித்துப் படித்து எழுத்தை மறக்காமல் வைத்திருப்பவள் நான். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஊருக்குப் போவதைக் கேட்டதற்கு, முதலில் செருப்பைக் கழற்று என்று சொல்லிவைத்தேன்.

பௌதியிடம் போனேன். கோபமில்லை, ஆனால் எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் இந்தி கடையில் விலை கேட்கும் இந்தி, மனசைச் சொல்ல அது பத்தாது. கதை பிள்ளைக்கு நல்லதில்லை என்று சொல்லப் போய், பிள்ளைக்கு உடம்பு நல்லதில்லை என்பதுபோல் ஏதோ சொல்லிவைத்தேன். "புகார் ஹை க்யா?", காய்ச்சலா என்று பதறி, மீன் கழுவிய ஈரக் கையோடு ஓடி வந்து தேனுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

தன் அப்பா அம்மா எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று மெதுவான இந்தியில் சொன்னார். அவர் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தை அவர் அம்மாதான் படித்துக் காட்டுவாராம். ரயில் படம் வந்ததும் மூடிவிட்டு, நேரமாச்சு தூங்குங்கள் என்பாராம். "ஆகே கபி நஹீ படா." அதற்கு மேல் ஒரு நாளும் படித்ததில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு துண்டு மீனைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார், காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு.

அதன்பிறகு தேனு கதைக்கு வரவில்லை. "வேணாம்மா, டயர்டா இருக்கேன்" என்றாள், என்னைப் போலவே. அப்பா போனில் பேசியபோது வாங்கி, "பா, சச் சொல்லு, நெஜமா ஊருக்குப் போவோமா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே எஞ்சின் இரைச்சல். "பாப்போம்டா தங்கம்" என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவும் ஜூட்தான் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் தமிழ் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் மட்டும் என்று சுருங்கியது. நம் பிள்ளைகளிடம் தமிழ் எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்கள் அல்லவா, இப்படியும் போகும். பொய் சொன்ன மொழி என்று ஒரு நாள் தீர்மானித்துவிட்டால் போதும்.

பள்ளி திறக்கும் நேரம். சீருடை மலைபோல் குவிந்து கிடந்தது. ஒரு சாயங்காலம் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது அவளே புத்தகத்தோடு வந்து மிஷினுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ தைய்யி. நான் சொல்றேன்."

புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தாள்.

"ஒரு பத்தக் இருந்துச்சு."

"வாத்துடி."

"வாத்து. தனியா நின்னுச்சு. தூரத்துல ஒரு வீட்டு ஜன்னல்ல அந்தப் பொண்ணு நின்னா. அவளுக்கு அங்க பிடிக்கல. ரோட்டுக்கு வந்தா, ஒரே கூட்டம். ஓடுற கடையில ஏறிட்டா."

"ரயிலு."

"அதான். அப்புறம் படகு, பாரு கரைக்கு வந்துருச்சு. வாத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ அம்மா டிரங்குல இருந்து சேலையெல்லாம் எடுத்து வெளிய வைக்கிறாங்க. கதம். எழுதியிருக்கிறதைப் படிக்க வேணாம்மா. இப்படித் திருப்புனா அவ வந்துடுறா."

மிதியில் கால் நின்றுவிட்டது. சேலை அந்த அம்மாவின் கைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. வைக்கிறாளா எடுக்கிறாளா, படம் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவள் வைக்கிறாள் என்றே பார்த்திருக்கிறேன்.

"அப்ப ஊருக்கு வந்துட்டாளா?" என்றேன்.

"ம்ம். மின்னி பேக்கு வந்துட்டா. வேற எங்க வருவா?"

நான் அருப்புக்கோட்டையை நினைத்துக் கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலைக் கை காட்டினாள். ஒரு நாள் கப்பலில் இடம் கிடைத்து ஊருக்குப் போய் இறங்கினால், அங்கே ஏதோ ஒரு ஜன்னலோரம் இவள் அந்தப் படத்துச் சிறுமி மாதிரித்தான் நிற்பாள் என்று தோன்றியது. லீவுக்குப் போவோம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

இப்போது கதை நேரம் மறுபடி நடக்கிறது. நான் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருவேன், அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருவாள். இரண்டு பேர் கையும் ரயில் படத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அங்கே நிறுத்திவிட்டு விளக்கைப் போட எழுந்திருப்பேன். பெட்டிகள் நிறையத் தலைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் எந்தப் பக்கம் என்பது மட்டும் அந்தப் படத்தில் இல்லை.