ஐயாவின் காதில் தொங்கிய குணுக்கு

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு காது வைத்தியர் என் காதில் கேட்கும் மெசினைக் கொழுவிவிட்டு, "பாரமாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், மெசினைத் தலைகீழாகக் கொழுவிவிட்டோமோ என்று அந்த மனுசன் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். காதில் எதையாவது கொழுவினால் எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்லலாம்.

எங்கள் ஊர் சரவணை. அங்கே எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு அடுத்தபடி முந்நூற்றி நாலுதான். கடுதாசி விளையாட்டு, அதுதான் சீட்டாட்டம், இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து நாலு பேர் ஆடவேண்டும். தோற்ற சோடியின் காதில் குணுக்குப் போடுவார்கள். பனையோலைத் துண்டை மடித்துக் காதுமடலில் கவ்வவிடுவது, வால் வேறு தொங்கும். மற்ற வீடுகளில் ஆட்டம் கலைந்தால் குணுக்கும் கழலும். பென்சன் எடுத்து வீட்டோடு இருந்த எங்கள் ஐயா தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார்: மறுபடி வெல்லும்வரை கழற்றக் கூடாது. அந்தச் சட்டத்தால் பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருமுறை குணுக்கோடு கோயிலுக்குப் போனார். பூசை செய்த ஐயர் விபூதியைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தாராம்.

அக்காவைப் பார்க்கப் புங்குடுதீவிலிருந்து மாப்பிள்ளையும் தாயும் வருவதாக இருந்த அன்று, அம்மா விடியவே கடுதாசிக் கட்டை மா போட்டுவைக்கும் தகரப்பேணிக்குள் ஒளித்துவைத்தா. முதல் வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அக்கா சாட்டிக் கடற்கரையில் ஒருமுறை கண்டிருக்கிறாள். கேட்டால் ஞாபகமில்லை என்பாள், ஆனால் அவர் போட்டிருந்த சேட்டின் கோடு முதற்கொண்டு தெரியும். இதுவும் தட்டினால் அவள் வாய்விட்டு அழக்கூட மாட்டாள். எனக்கு அதுதான் பயம்.

ஐயா சாமிக்குப் பூப்பறிக்க வாத்தியார் வீட்டுக்குப் போனார். பூ வரவில்லை. இரண்டு காதிலும் குணுக்கோடு ஐயா வந்தார்.

"இஞ்சேருங்கோ, அவையள் போகுமட்டும் கழட்டி வையுங்கோ" என்றா அம்மா.

"ஏலாது. நான் போட்ட சட்டத்தை நானே மீறினால் வாத்தியார் என்னை மதிப்பாரோ?"

"வாத்தியாரோ உங்கடை மகளைக் கட்டப்போறார்?"

கடைசியில் காதை மூடித் துவாயால் தலைக்கட்டுக் கட்டி, பல்லு நோகுது, பல்லுக்கொதி என்று சொல்வதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய் வாட்டசாட்டமான மனுசி. கதிரையில் இருந்து ஐயாவை வடிவாகப் பார்த்தா. துவாய்க்குக் கீழே இரண்டு வாலும் ஆடிக்கொண்டிருந்தன.

"பல்லுக்கொதி எண்டால் காதிலை ஓலை முளைக்குமோ?"

குசினிக் கதவடியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டா. ஐயா துவாயை அவிழ்த்து மடியில் வைத்தார். "காலமை தோத்தனான். வெல்லுமட்டும் கழட்ட ஏலாது. அது என்ரை சட்டம்."

"இந்தக் காதோடை சம்பந்தம் கதைக்க ஏலாது" என்றா மனுசி. "கடுதாசியைக் கொண்டரச் சொல்லுங்கோ. முதல் வெல்லுங்கோ, பிறகு கதைப்பம்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்காவை ஐயாவுக்குச் சோடியாக இருத்தினார்கள். தாயும் மகனும் எதிர்ச்சோடி. தோற்றால் சம்பந்தக் கதையே இல்லை. வென்றால் பெண் பார்க்க வந்தவர்களின் காதில் ஓலையைக் கொழுவவேண்டும். அம்மா கதவடியில் நின்று "வெல்லு" என்று ஒரு சைகை காட்டுவா, உடனே "வேண்டாம்" என்று மற்றக் கையை ஆட்டுவா. வீட்டுக்குள் வந்த கோழியைக் கலைக்கிறாவோ என்று மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் பிடி. மாப்பிள்ளை பெருமையோடு ஒரு கடுதாசியைப் போட்டார். அக்கா முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே துரும்புக் கடுதாசியால் வெட்டினாள்.

ஐயா குணுக்குகளைக் கழற்றினாரே தவிர, நீட்டக் கை வரவில்லை. மனுசியே வாங்கி, ஒன்றை மகனின் காதிலும் மற்றதைத் தன் காதிலும் கவ்வவிட்டா.

"வெல்லுமட்டும் கழட்ட ஏலாது எண்டால், நாங்கள் திரும்பி வரத்தானே வேணும்" என்றா.

அப்படியே இருவரும் பஸ் ஏறினார்கள். அந்த ஆவணியில் கலியாணம். அம்மாவுக்கு மட்டும் தாலி ஏறும்வரை நித்திரை இல்லை.

பிறகு எத்தனை வருடம் ஆடினோம். இப்போது அந்த வீட்டுக்குக் கூரையில்லை. வாத்தியார், ஐயா, அம்மா, அந்த மனுசி எல்லோரும் போய்விட்டார்கள். போன பனிக்காலத்தில் ரொறன்ரோவில் அக்காவைத் தனியே விட்டு அத்தானும் போனார்.

நேற்று அக்கா அங்கிருந்து ரெலிபோன் எடுத்தாள். "நான் அங்கை வந்தால் ஒரு ஆட்டம் போடுவமோடி?"

"போடலாம். நீ ஒராள், நான் ஒராள். நாலு பேருக்கு எங்கை போறது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் ஒராளைப் பிடி, போதும்" என்றாள். "இவர் இருக்கிறார்தானே."

நான் திருத்தவில்லை.