கீழே பார்க்கக் கூடாத வாசல்

படையில் அவருக்குச் சித்தப்பா என்று பெயர். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மீசை முளைத்து நாலைந்து வருஷம் ஆனவர்கள். இவருக்கோ தலையில் முன்பக்கம் காலி, பின்பக்கம் நரை. முதல் நாள் ஓட்டத்தில் எல்லாருக்கும் கடைசியாக நாக்குத் தள்ள வந்து சேர்ந்தவரை, "வாங்க சித்தப்பா, உக்காருங்க" என்று ஒருவன் கிண்டல் செய்தான். அவரும் "இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ராணுவத்தைத் தேடி அவர் போகவில்லை, ராணுவம்தான் அவரிடம் வந்து மாட்டியது. ஊருக்கு நடுவில் ஒரு பாராசூட் ரிசர்வ் பிரிவின் பழைய கட்டடம் இருக்கிறது. ரிசர்வ் என்றால் வாரநாளில் அவரவர் பிழைப்பு, வார இறுதியில் பயிற்சி, கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். பத்துப் பேர் போனால் எட்டுப் பேரைக் கழித்துக்கட்டி அனுப்பும் இடம். ஒரு நாள் அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு பெண் சார்ஜெண்ட், கூட இரண்டு வீரர்கள், மூட்டை மூட்டையாகச் சாமான்.

சித்தப்பா வெளியே நின்றபடி, "இப்ப டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அது நான்தான். அடுத்து லேசா ஆடும், பயப்படாதீங்க" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லி, லிஃப்ட் பெட்டியைக் கையால் இறக்கிக் கதவைத் திறந்தார். சார்ஜெண்ட் வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கள மாதிரி ஒரு ஆள் எங்களுக்கு வேணும்."

"எத்தன வயசு வரைக்கும் எடுப்பீங்க மேடம்?"

"நாப்பத்தி மூணு முடியுற வரைக்கும்."

"அப்ப எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்று அவர் சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். வீடு போய்ச் சேர்வதற்குள் அது விளையாட்டாக இல்லை. அவரைப் பார்த்து ‘நீ வேணும்’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. லிஃப்ட் நின்றால் கூப்பிடுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். அந்த ஒற்றைச் சொல் மனுஷனைத் தூங்கவிடவில்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அவர் படையில் சேரப் போகும் விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய அண்ணன்தான் சித்தப்பாவோடு ஜோடியாக லிஃப்ட் வேலை பார்ப்பவர். ஒரு தரம் மாடிக் கதவைத் திறந்து, பெட்டி இல்லாத குழியில் ஒரு மாடி உயரம் விழுந்து, இன்றைக்கும் காலை இழுத்து இழுத்து நடக்கிறார்.

"எங்க அண்ணன் தெரியாம விழுந்தான். நீங்க விண்ணப்பம் போட்டு விழப் போறீங்களா?" என்று கேட்டாள்.

ஆனால் மறுநாள் விடியற்காலையில் அவர் ஓடக் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். ஓட்டத்திலும் சுமையிலும் அவர் தேறியதில் பாதி அவள் புண்ணியம். அதை அவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

எல்லாம் தாண்டி வந்தவர் கடைசியில் குதிக்கப் பழக்கும் கோபுரத்தில் போய் மாட்டிக்கொண்டார். உயரத்தில் விமான வாசல் மாதிரி ஒரு மரவாசல். உடம்பில் வாரைக் கட்டி விடுவார்கள், வாசலில் நின்று நேர் எதிரே வானம் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்தபடி குதிக்க வேண்டும். கீழே பார்த்தால் தலை முந்தும், உடம்பு சுருளும், நிஜ விமானமென்றால் பாராசூட் கயிறு முறுக்கிக்கொள்ளும். அவர் ஒவ்வொரு தடவையும் கீழே பார்த்தார். பையன்கள் பயம் என்று நினைத்தார்கள். பயமாவது ஒன்றாவது, வாழ்நாளில் பாதியை உயரத்தில் கழித்த மனுஷன் அவர். லிஃப்ட்காரன் எந்த வாசலைத் தாண்டினாலும் முதலில் கீழே பார்ப்பான். பெட்டி இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்காமல் காலை எடுத்து வைக்க மாட்டான். அது கழுத்திலேயே ஊறிப்போன பழக்கம்.

இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதுதான் கடைசி. அதோடு வயதும் முடிந்துவிடும். வீட்டில் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று பழகினார். மனைவி எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டு, "என் மூஞ்சியப் பாருங்க, தரைய இல்ல" என்று அதட்டுவாள். வாரக்கடைசியில் கழுத்து ஒருவழியாக நேராக நின்றது.

திங்கட்கிழமை வேலையில் மாடிக் கதவைத் திறந்தார். நேராகப் பார்த்தார். காலைத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு கை அவருடைய பெல்ட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்தது. இரண்டு பேரும் தடாலென்று நடைபாதையில் உட்கார்ந்தார்கள். எதிரே கதவு திறந்து கிடந்தது, உள்ளே பெட்டி இல்லை.

இழுத்தது மச்சான், மனைவியின் அண்ணன். பிடித்த பெல்ட்டை விடாமலே, "மாப்ள, உனக்கு ஒண்ணுன்னா தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

அத்தோடு சரி என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். அந்த வாரம் சார்ஜெண்டிடம் போய், தனக்கு இது ஒத்துவராது, விலகிக்கொள்கிறேன் என்றார். அவள் காரணம் கேட்டாள். அவர் மச்சான் விழுந்ததையும் தான் விழப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"உங்க மச்சான் ஏன் கீழ பாக்கல?"

"கூட இருந்த ஒருத்தன் ‘பெட்டி இருக்கு, போ’ன்னு சொல்லிட்டான். அதான் மேடம், அடுத்தவன் பேச்சக் கேட்டு எங்க தொழில்ல கால் வைக்கக் கூடாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவன் பாக்காமச் சொன்னான். வாசல்ல நிக்கிறது என் வேலை. தலைய வெளிய நீட்டி, கீழ, பக்கம், மேல எல்லாம் பாத்துட்டுத்தான் ஒரு ஆள வாசலுக்கே கூப்பிடுவேன். நீங்க பழக்கத்த விட வேண்டாம். லிஃப்ட்ல நீங்க பாருங்க. இங்க உங்களுக்காக நான் பாக்குறேன்."

அவர் விலகவில்லை.

மூன்றாம் முறை கோபுரத்தில் அவள் அவசரப்படாமல் குனிந்து பார்த்தாள். திரும்பி அவர் கண்ணைப் பார்த்து, "பாத்துட்டேன்" என்றாள். கழுத்து தன் பாட்டுக்குக் குனியப் போனது. கீழே பார்க்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்த மாதிரி அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு குதித்தார். சில வாரம் கழித்து விமானத்திலும் அதே சொல்தான். தலைக்கு மேல் துணி விரிந்து, இரைச்சலெல்லாம் அடங்கி, காலடியில் புல்வெளி மெல்ல மேலே வந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. திட்டிக்கொண்டே தைலம் தேய்த்தவள், பெல்ட்டைப் பிடித்து இழுத்தவர், தனக்காகக் குனிந்து பார்த்தவள், கேலி செய்துகொண்டே கடைசி ஓட்டத்தில் கூடவே மெதுவாக ஓடி வந்த பையன்கள். இத்தனை பேர் சேர்ந்து தன்னைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். தரையில் கொஞ்சம் அசிங்கமாகத்தான் விழுந்தார். பரவாயில்லை, எழுந்துவிட்டார்.

தேறிய செய்தியை மச்சானிடம் நேரில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். மனைவி கதவைச் சாத்தி, "பூட்டிட்டேன், வாங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பூட்டுவாள், அவர் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ‘எம் மேல நம்பிக்கையே இல்ல’ என்று அவளும் அன்றிலிருந்து சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அவர், "நீ பூட்டிட்டன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. திரும்பிப் போய்ப் பூட்டை இரண்டு தரம் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் வேகமாகப் படியிறங்கினாள்.