திருவிழா ஏலத்துக்குப் பில் போட்ட சவரிமுத்து சார்

செவ்வாய்க்கிழமை காலை, வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் இருந்தேன். அலுவலக உதவியாளர் பாண்டி போன் செய்தார். "மேடம், நம்ம சவரிமுத்து சார்..." என்று அவர் இழுத்ததுமே, "இப்ப எந்த ஃபைலக் கேக்குறாரு?" என்று எரிந்து விழுந்தேன். ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆன பிறகும் மாதத்துக்கு இரண்டு முறையாவது போன் போட்டு, ஏதாவது ஒரு பழைய கோப்பு அதே அலமாரியில் அதே தட்டில் இருக்கிறதா என்று விசாரிப்பது அவர் வழக்கம். பாண்டி, "இல்ல மேடம். விடியக்காலம் தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு, ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த மனிதரோடு இனிமேல் சண்டை போட முடியாதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து அவர்கள் இறால் ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில் ஆவணப் பிரிவு மேலாளர். நான் கணக்குப் பிரிவு. தொழிற்சாலை தூத்துக்குடியில், தலைமை அலுவலகம் திண்டுக்கல்லில். கடலே இல்லாத ஊரில் இறால் கம்பெனியா என்று சிரிப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: எங்கள் முதலாளிக்குத் திண்டுக்கல் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. திண்டுக்கல்லில் பாதி நாள் தண்ணீரே வராது என்பது வேறு விஷயம். சவரிமுத்து அவர்களுக்கோ இறால் ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு வாயில் பட்டால் முகம் பூசணிக்காய் போல வீங்கிவிடும். அப்படிப்பட்டவர் இருபத்தெட்டு வருடம் இறாலைப் பற்றி மட்டுமே எழுதினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். எனக்கு ஒப்படைக்கப்பட்ட பொருட்களின் பட்டியல் அது. மேஜை ஒன்று. நாற்காலி ஒன்று. மின்விசிறி, பாதி. அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரே மின்விசிறி. "பாதி விசிறிக்கு எப்படி சார் கையெழுத்துப் போடுறது?" என்றேன். "காத்து வருதுல்ல தாயி? வந்தா போடுங்க" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, பத்தொன்பது வருடம் நடந்தது. நல்ல மனநிலையில் இருந்தால் நான் தாயி. கோபம் வந்தால் மேடம்.

பில் இல்லாமல் ஒரு பொருள் கைமாறினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. கைப்பையில் எப்போதும் கம்பெனியின் பில் புத்தகம் ஒன்று இருக்கும். காலி டிரம், பழைய தெர்மோகோல் பெட்டி என்று உள்ளூரில் கழித்துக் கட்டும் சாமான்களுக்காக வைத்திருந்த புத்தகம். அதுதான் எங்களைச் சந்தியில் நிறுத்தப் பார்த்தது.

அவர் ஆயுளில் பாதியைத் தின்றது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. அலுவலகத்தில் எல்லோரும் ஆன்டி டம்ப்பிங் என்போம். இது என்ன வரி என்று டீக்கடைக்காரர் கேட்டபோது சவரிமுத்து அவர்கள் விளக்கியதைவிட நன்றாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. "ஒட்டன்சத்திரத்துக்காரன் அவன் ஊர்ல இருவது ரூவாய்க்கு விக்கிற தக்காளிய, இங்க வந்து பத்து ரூவாய்க்கு வித்தா நம்மூரு யாவாரி சண்டைக்கு வருவானா மாட்டானா? அமெரிக்காக்காரன் சண்டைக்கு வரமாட்டான், வரி போடுவான். அம்புட்டுத்தான்." அவர்கள் ஊர் மீனவர்களைக் காப்பாற்ற அவர்கள் போடும் வரி அது. எங்களிடம் வாங்கும் இறாலை நாங்கள் நியாயமான விலைக்குத்தான் விற்கிறோமா என்று ஆண்டுதோறும் ஆராய்வார்கள். அதற்காக ஒன்றிரண்டு நிறுவனங்களை மட்டும் பிடித்து, பக்கம் பக்கமாகக் கேள்வி அனுப்புவார்கள். ஒரு வருடம் அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு அடித்தது.

அந்த ஆண்டு தை மாதம், அவருடைய பங்குக் கோவிலில் செபஸ்தியார் திருவிழா. காணிக்கையாக வந்த சாமான்களைத் தேர் வந்த மறுநாள் ஏலம் விடுவார்கள். சேவல், உப்புப் பொட்டலம், தென்னங்கன்று எல்லாம் போகும். எங்கள் முதலாளி, ஏற்றுமதி இறால் இரண்டு கிலோ பெட்டி ஒன்றைக் காணிக்கையாக அனுப்பியிருந்தார். பிரியாணிக் கடை செல்வராசுவும் பூட்டுக்கடை வைத்திருக்கும் அவர் சம்பந்தியும் அந்தப் பெட்டிக்காக மல்லுக்கு நின்றார்கள். பெண் கொடுத்தவர் பெரியவரா, எடுத்தவர் பெரியவரா என்ற வழக்கு அந்த ஐஸ் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டது. மூன்று தரம் சொல்லி முடித்தபோது விலை நாற்பத்தோராயிரம். ஜெயித்த செல்வராசு, "இத எழுத்துல குடுங்கப்பா, கடையில மாட்டணும்" என்றார். கோவில் ரசீதைப் பங்குத் தந்தை தருவதற்குள், கூட்டத்தில் நின்ற நம்மவர் பையைத் திறந்துவிட்டார். கம்பெனி பில். இறால், இரண்டு கிலோ, ரூபாய் நாற்பத்தோராயிரம். கையெழுத்து, முத்திரை.

பணம் நேராகக் கோவிலுக்குப் போய்விட்டதால் என் கணக்கில் எதுவும் வரவில்லை. அசல் பில் கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலையோடு, பிரியாணிக் கடைக் கல்லாவுக்கு மேலே ஏறியது. நகல் புத்தகத்தில் தூங்கியது.

சில மாதம் கழித்து அமெரிக்காவின் கேள்விகளுக்குப் பதில் அனுப்பினோம். உள்நாட்டில் இறால் விற்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. ஒரு கிலோகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவர் சவரிமுத்து அவர்கள். எழுதியதெல்லாம் உண்மையா என்று சரிபார்க்க அதிகாரிகள் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "தாயி, நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். அந்த ஏல பில்லின் நகலைப் பார்த்ததும் எனக்கும் புரிந்தது: உள்நாட்டில் இறால் விற்றதாக எங்கள் பில்லே சொல்கிறது. பதிலில் ஒரு பொய் அகப்பட்டால் மற்ற எதையும் நம்பமாட்டார்கள். தண்டனையாக உச்ச விகிதத்தில் வரி விழும். அப்படி விழுந்தால் அமெரிக்க வியாபாரம் நின்றுவிடும். தூத்துக்குடியில் இறால் உரிக்கும் பெண்கள் முந்நூறு பேருக்கு வேலை இருக்காது.

நான் யோசிக்கவே இல்லை. "நகல்ல குறுக்கக் கோடு போட்டு ரத்துன்னு எழுதுங்க" என்றேன். அன்று மத்தியானமே பிரியாணிக் கடைக்கும் ஓடினேன். வருகிற வெள்ளைக்காரர்களை முதலாளி எப்படியும் அங்கேதான் சாப்பிட அழைத்துப் போவார். சட்டத்தை ஒரு வாரத்துக்கு இறக்கி வையுங்கள் என்று கெஞ்சினேன். செல்வராசு கும்பிடு போட்டார். "கடைய வேணா இறக்குறேன் மேடம், அத இறக்க மாட்டேன். சம்பந்தி தெனம் இந்த வழியாத்தான் போறாரு."

திரும்பி வந்தால், இவர் கோடு போடவில்லை. "ரத்துன்னு எழுதுனா அது ரெண்டாவது பொய் மேடம். வந்த அன்னைக்கே நானாச் சொல்லிருவேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அலுவலகமே எழுந்து நின்றது. "உங்க மனசாட்சியக் கழுவுறதுக்கு முந்நூறு குடும்பத்த அடகு வைப்பீங்களா? அந்தப் பொம்பளைகள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதிகாரிகள் வந்தார்கள். தலைமை அதிகாரி, மெலிந்த உடம்பும் கண்டிப்பான கண்ணாடியுமாக ஓர் அம்மையார். எங்கள் தரப்பில் டெல்லி வக்கீல். சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். திருத்தங்கள் ஏதும் உண்டா என்று அவர்கள் முதலில் கேட்பது முறை. வழக்கமாக ஒரு கூட்டல் பிழை, ஒரு தேதி என்று ஏதாவது கொடுப்பார்கள். சவரிமுத்து அவர்கள் எழுந்து பில்லைக் கொடுத்தார். அம்மையார் அதை இரண்டு முறை படித்தார். கிலோ இருபதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் திண்டுக்கல்லில் விற்கும் இறாலை, எங்களுக்கு ஏன் சில நூறு ரூபாய்க்குத் தருகிறீர்கள் என்று கேட்டார். வக்கீல் கண்களை மூடிக்கொண்டார்.

திருவிழா ஏலம் என்று மொழிபெயர்ப்பாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மையாருக்குப் பிடிபடவில்லை. ஏலம் என்றால் அவர் ஊரில் பழைய வீடும் பழைய ஓவியமும் போகுமாம். அப்போது சவரிமுத்து அவர்கள் என் மேஜையிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவை எடுத்தார். பழனியிலிருந்து என் தம்பி கொண்டுவந்தது. அதில் அச்சிட்டிருந்த விலையை அம்மையாரிடம் காட்டினார். பிறகு, மேடைக் குரலில், "பழனி பஞ்சாமிர்தம், அம்பது ரூவா! யாரு கேக்குறா?" என்றார்.

எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பாண்டி நூறு என்றார். கேஷியர் இருநூறு. பாண்டியிடம் தோற்பதா என்று டைப்பிஸ்ட் ஐந்நூறு. முதலாளி மேஜையைத் தட்டி ஆயிரம் என்றார். பின்னால் நின்ற டிரைவர் ஆயிரத்து நூறு என்றதும், முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் ஏலம் சூடு பிடித்தது. கடைசியில், அதுவரை கண்ணை மூடியிருந்த டெல்லி வக்கீல் எழுந்து நின்று, இந்தியில் மூவாயிரம் என்று கத்தினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எல்லோரும் கைதட்டினோம். வக்கீல் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கும்பிட்டார்.

கடையில் ஐம்பதுக்குக் கிடைப்பதற்கு இவர் ஏன் மூவாயிரம் தருகிறார் என்று அம்மையார் கேட்டார். "அம்மா, அவரு வாங்குனது டப்பா இல்ல. நாலு பேரு முன்னால தன் பேரச் சொல்ற சத்தத்த வாங்குனாரு. அந்த எறாலும் அப்படிப் போனதுதான். பில்லுப் போட்டது மட்டும் என் தப்பு" என்றார் சவரிமுத்து அவர்கள். மொழிபெயர்த்து முடித்ததும் அம்மையார் முதல்முறையாகச் சிரித்தார். வக்கீல் பர்ஸைத் திறந்து மூவாயிரத்தை எண்ணினார். அந்த நொடியில் சவரிமுத்து அவர்களின் கை தன்னிச்சையாகப் பையைத் திறந்து பில் புத்தகத்தைத் தொட்டது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

மூன்று நாள் எல்லாப் புத்தகங்களையும் புரட்டினார்கள். பிரியாணிக் கடையில் அந்தச் சட்டத்துக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செல்வராசு அவர்களுக்கு அதைப் பெருமையோடு விளக்கினார். கடைசியில் வந்த அறிக்கையில், அந்த பில் தானாக முன்வந்து தெரிவிக்கப்பட்டது என்றும் அது வியாபார விற்பனை அல்ல என்றும் இருந்தது. எங்களுக்கு விழுந்த வரி தாங்கக்கூடியதாக இருந்தது. முதலாளி அலுவலகம் முழுக்கப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நான் மட்டும் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. தப்பித்தது அதிர்ஷ்டம், அவர் ஆடியது சூதாட்டம் என்பது என் கட்சி. பிறகு பேசினேன், ஆனால் மனதுக்குள் அந்தக் குறை போகவில்லை. அவர் ஓய்வு பெற்ற விழாவில் எல்லோரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தபோது நான் காபி குடிக்கப் போய்விட்டேன். அடுத்தவர் சோற்றை வைத்து நேர்மையாக இருப்பது சுலபம் என்று பாண்டியிடம் சொன்னேன். அது சவரிமுத்து அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, வாசலில் தூத்துக்குடி வண்டி இரண்டு நின்றன. இறால் உரிக்கும் பெண்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, அலுவலகத்தில் இருந்த ஒருவருக்காக இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். மூத்தவரான லூர்தம்மாளிடம் கேட்டேன்.

"வெள்ளக்காரவ வாரதுக்கு முந்துன சனிக்கெழம, சார் பஸ் ஏறி வந்தாவ மேடம். நாங்க உரிச்சிட்டிருந்த எடத்துக்கே வந்து நின்னாவ. 'ஒரு பில்லத் தப்பாப் போட்டுட்டேன். உண்மையச் சொன்னா உங்க வேலை போனாலும் போயிரும். மறைக்கணும்னா மறைக்கலாம். உங்க சோறு, நீங்க சொல்லுங்க'ன்னாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல்ல நல்லா ஏசினோம். ஏலம் போன எறாலுக்கு எவனாவது பில்லுப் போடுவானான்னு கேட்டோம். தலையக் குனிஞ்சிட்டு நின்னாவ. பொறவு எங்களுக்குள்ள பேசிட்டு, சொல்லிருங்க சார்னோம். நாளைக்கு வெள்ளக்காரவ எங்கள வந்து கேட்டாலும் ஒரே மாதிரில்லா சொல்லணும்? எங்க வீட்டுக்காரவகூட எங்கள ஒரு வார்த்தை கேட்டு எதுவும் செஞ்சதில்ல மேடம். இவுக கேட்டாவ."

அன்று நான் கத்திய கேள்விக்குப் பதில் சொல்லாமல் புத்தகத்தைப் பூட்டியவர், பேருந்து பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. நான் பேசாதிருந்த மூன்று மாதமும், காபி குடிக்கப் போன அன்றும்கூடச் சொல்லவில்லை.

பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள். குழி மூடுபவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்கம்மா" என்றார். அவர்கள் காதில் வாங்கவில்லை. கடைசியாக நானும் குனிந்து ஒரு பிடி அள்ளினேன்.

சார், நான் சொன்னது தப்பு. நீங்கள் அவர்களைக் கேட்டீர்கள். என்னை மன்னித்து, நிம்மதியாகப் போய் வாருங்கள்.