வெட்டிய யானை

அஸ்தம்பட்டியில் நைட்டிக் கடை வைத்திருக்கும் உசேன் பாய்க்கு சதுரங்கத்தில் தெரிந்தது ஒன்றுதான்: வெட்டுவது. குதிரையை இறக்கி ராஜாவுக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் குறிவைத்துவிட்டால், அன்றைக்கு மதியச் சாப்பாடு அவருக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

அவருடன் தினமும் ஆடுபவர் பக்கத்துக் கடை சின்னராஜ். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம், இப்போது துண்டு வியாபாரம். "வெட்டறதுக்கு முன்னாடி பலகை பூராவும் ஒருக்காப் பாருங்க பாய்" என்பார். பாய் கேட்டால்தானே!

வியாபாரிகள் சங்கத்தில் போட்டி வைத்தார்கள். விதிகளை வாசித்த நேரத்தில் பாய் வெளியே நின்று, கோப்பை தனக்குத்தான் என்று மச்சானிடம் போனில் அளந்துகொண்டிருந்தார். கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் அதே சின்னராஜ்.

சின்னராஜின் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டம் வரை வந்துவிட்டது. பாய் சட்டை செய்யவில்லை. கடையில் அவர்கள் ஆடும் வழக்கப்படி, கடைசிக் கட்டம் சேர்ந்த சிப்பாய்க்குப் பதிலாக வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப எடுக்கலாம். சின்னராஜின் ராணியோ இன்னும் பலகையில் இருக்கிறாள். அப்புறம் என்ன பயம்? குதிரையை இறக்கி செக் வைத்தார். ராஜா நகர்ந்ததும் யானையை ஆசை தீர வெட்டினார்.

சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. நடுவர் வேறொரு பெட்டியிலிருந்து இன்னொரு ராணியை எடுத்து சின்னராஜிடம் நீட்டினார்.

"என்னய்யா, கள்ளாட்டம் ஆடுறியா?"

பாய் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அதுவரை ஒருநாளும் அவர் சின்னராஜை மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

"எத்தனை ராணி வேணும்னாலும் எடுக்கலாம். காலையிலேயே படிச்சோமே" என்றார் நடுவர். யாரோ சிரித்தார்கள்.

சின்னராஜ் எழுந்தார். "பாய் மேல தப்பில்லைங்க. நாங்க கடையில அப்படித்தானுங்க ஆடுவோம்." பிறகு பாயிடம் மெதுவாகச் சொன்னார். "ராணி வேண்டாமுங்க. யானையே போதும். அதைக் குடுங்க பாய்."

சற்றுமுன் வெட்டிய யானையை பாய் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அது போய் நின்ற வரிசையில்தான் அவருடைய ராஜா இருந்தது. முன்னால் தப்பிக்கும் வழியை அவருடைய சிப்பாய்களே அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டம் முடிந்தது.

சின்னராஜ் கை நீட்டினார். பாய் கூனிக் குறுகிப்போய் அந்தக் கையைத் தொட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் மனைவி ரஹமத் பீவி கதவைத் திறந்தார். "ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டேன்."

"அட, யார்கிட்ட?"

அந்தப் பெயரைச் சொல்ல பாய்க்கு வாய் எழவில்லை.