ஐந்தாம் வகுப்பில் வந்த புலி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்குத் தினமும் ஒரு விசித்திரம் நடக்கும். முன் ஸீட்டுப் பெண்கள் தெலுங்கில் சத்தமாகப் பேசிச் சிரித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் தமிழில் டிக்கெட் கேட்டால் நாலு தலை திரும்பும். "அக்காவுக்கு எந்த ஊரு?" ராஜபாளையம் என்பேன். "அது சரி, சொந்த ஊரு?" ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தவள் என்பதை அடுத்த நிறுத்தத்துக்குள் சொல்லி முடிக்க முடியுமா? "சிலோன்" என்பேன். பக்கத்தில் இருப்பவள் மடியிலிருக்கும் பையை இழுத்து அணைத்துக்கொள்வாள். இலங்கை மலையில் இன்னும் இருக்கும் நீங்களும், என்னைப்போல் வந்து சேர்ந்த நீங்களும் இதை நம்புவீர்கள்.

முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட வருடம் அது. கணவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை; மில் ஆட்களின் வரிசை வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தேசியச் சின்னங்கள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கவைக்க மனம் வரவில்லை. சுதந்திர தின மேடைக்காக அட்டையில் மயிலும் தாமரையும் புலியும் முகமூடிகளாகச் செய்யச் சொன்னேன். கூடவே பெரிய சார்ட் ஒன்றில் வரைபடம் வரைந்து, அவரவர் குடும்பம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நூல் ஒட்டச் செய்தேன். ஒருத்தி கூமாப்பட்டியிலிருந்து விரல்நீள நூல் ஒட்டினாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை விஜயா, எந்தக் காலத்திலோ முன்னோர் புறப்பட்ட ஆந்திரத்திலிருந்து இழுத்து ஒட்டினாள். "டீச்சர், ஒங்க நூலு எங்க?" என்று கேட்டார்கள். சிவப்பு நூலைக் கடல் தாண்டி ஒட்டினேன்.

சிறுமியாக இருந்தபோது தோட்டத்துப் பள்ளியில் சிங்கக் கொடிக்கு வர்ணம் தீட்டியிருக்கிறேன். ஓரத்து ஆரஞ்சுப் பட்டைதான் தமிழர்களான நாம் என்று வாத்தியார் சொல்லித்தந்தார். அதைச் சுருட்டிக்கொண்டு டவுனுக்குப் போனபோது, கடைக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, "கள்ளத்தோணிக்கு எதுக்குக் கொடி?" என்றான். இந்தியாவில் அந்தச் சொல் இருக்காது என்று அப்பா நம்பினார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் சாதாரண உடையில் ஒருவர் இருந்தார். போலீஸ் என்று நிற்கும் விதத்திலேயே தெரிந்தது.

"பிள்ளையளுக்குப் புலி வேஷம் கட்டுதியளாமே?"

"புலி நம்ம தேசிய விலங்கு சார். பாடத்துல இருக்கு."

"நம்ம..." என்று அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். பிறகு சார்ட்டை மேஜையில் விரித்துச் சிவப்பு நூலின்மேல் விரலை ஓட்டினார். "இது எந்த வழி? படகு வார வழியா?"

தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். நீங்க மூணாவது காம்பராதான? வாரேன்" என்று சொல்லி, சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். விஜயா செய்து வைத்திருந்த புலி முகமூடியைத் தலைமையாசிரியர் வாங்கி பீரோவில் பூட்டினார்.

நூல் ஒட்டிய அன்று மகளை அழைக்க வந்து வெகுநேரம் சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள் விஜயாவின் அம்மா. அவள்தான் சொல்லியிருப்பாள் என்று அன்று முழுக்க மனதுக்குள் அவளை வைதேன். மறுநாள் அவளே வந்தாள். "புலிய எடுத்துட்டாங்கன்னு பாப்பா ராத்திரி பூரா அழுதுச்சு டீச்சர். புஸ்தகத்துல இருக்கதத்தான போட்டுச்சு? அது புலிதான் போடும். பெரிய வாத்தியார்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்று தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்போதுதான் போலீஸ்காரர் சொன்ன அந்தச் சொல் உறைத்தது. காம்பரா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறையைக் காம்பரா என்று சொல்வது மலையிலிருந்து வந்த நாம்தான். இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை; நம்மில் ஒருவர் வாயிலிருந்துதான் அது போலீஸுக்குப் போயிருக்க வேண்டும்.

எங்கள் வரிசையில் முதல் வீட்டில் இருந்த செல்வராஜ், நான் வந்த அதே கப்பலில் வந்தவர். கேட்டதும் மறைக்கவில்லை. "எங்க புள்ள உங்களோட பஸ்சுல வந்து உங்க கிளாசுலதானே படிக்குது அக்கா? அது வந்து சொன்னதும் நானே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். வேற யாராவது சொல்லியிருந்தா லயத்தோட அள்ளியிருப்பானுங்க. நாமளே சொன்னா நம்மள நம்புவானுங்கன்னு நெனச்சேன்." அவருக்குப் பின்னால் அவர் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டத்தான் போயிருந்தேன். "நம்புனானுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

சுதந்திர தினத்தில் விஜயா புலியாகவே மேடையேறினாள். என்னை மட்டும் கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தேசிய கீதம் தொடங்கியது. கேட்டருகே அந்தப் போலீஸ்காரரும் விறைப்பாக நின்றார். கண் மட்டும் என் வாயின்மேல் இருந்தது. எனக்குள் முதலில் எழுந்தது, தோட்டத்துப் பள்ளியில் காலைதோறும் பாடிய மற்ற நாட்டின் ராகம். அதை அடித்தொண்டையில் பிடித்து வைத்துக்கொண்டு, இந்த நாட்டின் சொற்களை ஒவ்வொன்றாக, அவருக்குத் தெரியும்படி, உதட்டைத் திறந்து பாடினேன்.