மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன பெயர்

நீ எங்களுக்கு வைத்தது பெயர் இல்லை, வசவு. கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்க வந்தவன் என்று நம்பி அனுப்பிய பிள்ளைகளை, தங்கள் வாயாலேயே தங்களைத் திட்டிக்கொள்ளப் பழக்கினாய். உனக்கு 'நீங்கள்' போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, மழை ஓய்ந்த கையோடு வந்தாய். சம்பளம் வாங்காமல் படிப்பிக்க வந்திருக்கிறார் என்று அதிபர் உனக்கு மாலை போட்டார். முதல் நாள் வரவு இடாப்பை எடுத்து எங்கள் பெயர்களை வாசித்தாய். புவனேஸ்வரி என்ற என் பெயரில் பாதி தூரம் போய் நின்றுவிட்டாய். சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். இவை என் நாக்குக்கு வராது, ஆளுக்கொரு சின்னப் பெயர் தருகிறேன் என்றாய். அட்டையில் எழுதி, நூல் கோத்து, கழுத்தில் மாட்டிவிட்டாய்.

எனக்கு மிங்கர். பக்கத்து லயத்து வீட்டுப் பையனுக்கு நம்ப்டி.

மிங்கர் என்றால் ஸ்கொட்லாந்துப் பக்கம் நாற்றம் பிடித்தவள், பார்க்கச் சகிக்காதவள். நம்ப்டி என்றால் மண்டு. கொப்ஷைட் என்று அயர்லாந்தில் ஒரு சொல் இருக்கிறது. வாய்க்கு வந்ததை உளறும் கழிசடையை அப்படித் திட்டுவார்கள். அதை எங்கள் வகுப்பில் திக்கிப் பேசிய ஒரு பிள்ளைக்கு வைத்தாய். சிநேகிதர்கள் குடித்துவிட்டு ஒருவரையொருவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் சொற்களாம் இவை. நாங்கள் உன் சிநேகிதர்களா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

பெயரோடு ஒரு பாவனையும் சொல்லிக்கொடுத்தாய். நம்ப்டி தன் தலையில் தட்டிக்கொண்டு பெயரைச் சொல்ல வேண்டும். நான் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் தோட்டத்துத் தேயிலை மலைகளுக்கு இன்றும் செத்துப்போன துரைகளின் பெயர்கள்தான். "அந்தக் காலத்துல தொரமாரு பேர மலைக்குத்தான் வச்சாங்க. எம்மகளுக்குத் தொரையே வந்து பேரு வச்சிருக்காரு பாரு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் தம்பி அப்போதுதான் ஒரு பழைய ஆட்டோ வாங்கி வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்லயில் ஓட்டத் தொடங்கியிருந்தார். எங்கள் பக்கம் ஆட்டோவின் பின்கண்ணாடியை யாரும் வெறுமையாக விடமாட்டார்கள். சாமி பெயர் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக் குழந்தையின் பெயர் இருக்கும். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே நான்தான் குழந்தை. பதுளையில் ஸ்டிக்கர் கடைக்குப் போய், என் கழுத்து அட்டையைக் காட்டி, கண்ணாடி நிறைய ஒட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு. அந்த ஆங்கில எழுத்துகளை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

எல்லயில் வெள்ளைக்காரர்கள் அந்த ஆட்டோவைத் தேடி வந்து ஏறினார்கள். பின்னால் நின்று படம் எடுத்தார்கள். மற்ற டிரைவர்களுக்குப் பொறாமை.

"என்னடா மிங்கரு, ஒன் வண்டிக்கு மட்டும் எந்தச் சாமிடா எறங்கியிருக்கு?"

"எங்கக்கா மகதான்டா அந்தச் சாமி" என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஆட்டோவில் ஏற வந்து, பின்கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் சிரிக்கவில்லை. எதற்கு இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். மாமா என்னைப் பெருமையோடு முன்னால் தள்ளினார்.

"மை சிஸ்டர் டோட்டர் நேம், மேடம். இங்கிலீஷ் டீச்சர் கிவ்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மாமாவுக்குப் புரியவில்லை, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்த அம்மா கண்ணாடியிலிருந்த எழுத்தைக் காட்டினார். தெருவோரம் குப்பை அடைத்துக் கிடந்த சாக்கடைக் கானைக் காட்டினார். தன் மூக்கைப் பிடித்தார். பிறகு என்னைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

இவருக்கும் என் பாவனை தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஏம் மிங்கர்!" என்று கத்தினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறிவிட்டன.

அதற்குப் பிறகு அன்று மாமா யாரையும் ஏற்றி ஹயர் ஓடவில்லை. தெமோதரைக்கு வரும் வழியில் தண்ணீர்ப் பீலி ஓரமாக நிறுத்தி, சாவியால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். முதல் எழுத்து போனது. நான் அவர் முதுகில் அடித்து அழுதேன்.

"என் பேர ஏன் மாமா சொரண்டுறீங்க?"

"எழுத்து கோணலா இருக்கு கண்ணு."

எழுத்து கோணலாக இல்லை. எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். நான் அலுவலக ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டேன்.

"தம்பி, அவங்க வெளையாட்டுக்குச் சொல்லுறது. இதுக்கெல்லாம் மூஞ்சியச் சுளிச்சா நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு யாரு வருவா? வெள்ளிக்கிழம அவங்களுக்குப் பிரியாவிடை வேற இருக்கு" என்றார் அதிபர்.

"வெளையாட்டுன்னா ஒங்க மக கழுத்துலயும் ஒன்னு மாட்டி விடுங்க சேர்."

நான் கழுத்து அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் அட்டையைப் பிடுங்கி அதிபர் மகளுக்குக் கொடுக்கத்தான் மாமா பேசுகிறார் என்று நினைத்தேன். அதிபரின் மகள் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவளுக்கு எதற்கு என் பெயர்?

வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். காரணம் கேட்டதும் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா, "ஒனக்கென்ன கிறுக்கா? புள்ள மேடையேறுது, நீ தடுக்குற" என்று ஏசிவிட்டு, என் தலையில் கனகாம்பரம் வைத்து அனுப்பினாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மேடை என்று ஒன்று இல்லை. மண்டபத்தின் வாசல் கதவுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எதிரே நாற்காலிகளில் விருந்தினர்கள். நீ போனில் படம் எடுத்தபடி எங்கள் முன்னால் நின்றாய். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். நம்ப்டி தலையில் தட்டிக்கொண்டான். திக்கிப் பேசும் பிள்ளை தன் பெயரை மூன்று தரம் தொடங்கி நான்காவது தரம் சொல்லி முடித்தாள். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அதிபர் கைதட்டினார். எல்லாம் தெரிந்த அதிபர்.

என் முறை வந்தபோது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"புவனேஸ்வரி! வா கண்ணு, வீட்டுக்குப் போலாம். புவனேஸ்வரி!"

வாசலில் மாமா நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். என் பெயரைச் சுரண்டியவர், என் பெயரைப் பறிக்கப் பார்த்தவர், இப்போது இங்கேயும் வந்துவிட்டார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் உன் பக்கம் திரும்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முன்னெப்போதும் இல்லாத சத்தத்தில் அதைச் சொன்னேன். மண்டபமே கைதட்டியது. மறுபடி நான் திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது.

இப்போது நான் எல்லயில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு விருந்தினர் குளியலறைக் கான் நாறுகிறது என்று முறையிட்டபோது 'மிங்கிங்' என்று அந்தச் சொல்லின் இன்னொரு வடிவத்தைச் சொன்னார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். அன்றே இணையத்தில் உன்னைத் தேடினேன். பிரியாவிடையில் நீ எடுத்த படம் இன்னும் உன் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. கீழே உன் ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பும் இருக்கிறது.

மாமாவிடம் போனேன். இன்னும் ஆட்டோதான் ஓட்டுகிறார்.

"அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா."

"எப்புடிச் சொல்லுறது கண்ணு? நீ அவ்வளவு சந்தோஷமா அதச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

படத்தை நீக்காதே. அதைப் பெரிதாக்கிப் பார். முன்னால் கனகாம்பரம் வைத்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால், வாசலில், சலவைச் சட்டை போட்ட ஒரு மனிதர் வாய் திறந்தபடி நிற்கிறார். படத்தில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குத் தனியாகக் கடிதம் எழுதாதே. அந்தப் படத்தின் கீழே, உன்னோடு சேர்ந்து சிரித்த அத்தனை பேரும் பார்க்க எழுது. ஏன் செய்தாய் என்பதை அப்புறம் சொல்லலாம். முதலில் இதற்குப் பதில் சொல்: இடாப்பில் பாதி வாசித்து நிறுத்தினாயே, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?